காலிக் கோட்டையில் விருந்தாளி யார், வீட்டுக்காரன் யார்?

(வர்த்தகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



1344ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலைக்கு ஏறி இறங்கினார். தெவிநுவரையைக் கடந்து காலிக்கு வந்தார். அங்கே கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் அவரைத் தம் இடத்தில் விருந்தாளியாக ஏற்று உபசரித்தார் என்று தமது பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். போர்த்துக்கேயர் இந்தக் கரையில் கால் வைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் நடந்த கதை இது. காலி என்ற பெயர் உலகப் பயண இலக்கியத்தில் ஏறியபோது, அங்கே வீட்டுக்காரன் ஒரு முஸ்லிம். விருந்தாளி வெளியூர்க்காரர். கூலி கிடையாது, பில் கிடையாது.

இன்றைக்கு அதே காலியில், கோட்டைக்குள், சேர்ச் வீதியில் நடந்து பாருங்கள். ஒரு இரவு தங்குவதற்கு நூற்றுக்கணக்கில் டொலர் வாங்கும் ஹோட்டல்கள் நிற்கின்றன. நம்மூரில் ஹோட்டல் என்றால் பராட்டாவும் கொத்தும் இடியப்பமும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதையல்ல. பத்து அறை, பன்னிரண்டு அறை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய வீட்டின் சுவரையும் ஓட்டையும் முற்றத்தையும் அப்படியே காட்டிக் காசு வாங்கும் ஹோட்டல்கள். 'பூட்டிக் ஹோட்டல்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் பல, நம்மவர்களின் வீடுகள். உம்மாமார் பிள்ளை பெற்ற அறைகளில்தான் இன்று வெள்ளைக் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

அழுது புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒப்பாரி வைப்பதில் நமது சமூகம் ஏற்கனவே பட்டம் வாங்கிவிட்டது. கணக்குப் பார்க்கத்தான் கூடியிருக்கிறோம். இங்கே பாதிப்பேர் கல்லாவில் உட்காருகிறவர்கள், கணக்குப் பேசினால் புரியும்.

முதலில் இந்த ஊர் யாருடைய உழைப்பில் எழுந்தது என்பதைப் பாருங்கள். 1911இல் காலியில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது: சீனம், தமிழ், பாரசீகம். ஏன் தமிழ்? ஏன் பாரசீகம்? இந்தக் கடலில் வியாபாரம் செய்தவர்கள் அந்த மொழிகளைப் பேசினார்கள் என்பதால்தான். பாரசீகப் பகுதியில் போற்றப்படுவது இஸ்லாம். அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிறகு போர்த்துக்கேயர் அரண் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துப் பெருங்கோட்டையாக்கினார்கள். 1796இல் பிரித்தானியர் எடுத்துக்கொண்டார்கள். ஒல்லாந்தர் முஸ்லிம் வியாபாரிகளை எவ்வளவு நெருக்கினார்கள் என்பது சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்று பெட்லர் வீதி என்று அழைக்கப்படும் தெருவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரே, தலைச்சுமை வியாபாரம் செய்த சோனகர் தெரு என்ற பொருளில்தான் அமைந்தது. துரத்தியவனாலும் நம்மை விட்டுவிட்டு வியாபாரம் நடத்த முடியவில்லை.

பிரித்தானியர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கு வந்தன. இறங்குகிற பயணிகளுக்குத் தங்குமிடம் வேண்டும். 1684இல் ஒல்லாந்தத் தளபதிக்காகக் கட்டப்பட்ட கட்டிடம், 1860களில் நியூ ஒறியண்டல் ஹோட்டலாக மாறியது. இதே காலத்தில், 1860இல், மாக்கான் மாக்கார் குடும்பத்தின் மாணிக்க வியாபாரம் காலியில் தொடங்கியது. அவர்கள் செய்த காரியத்தை வர்த்தகச் சகோதரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பயணி எங்கே தங்குகிறானோ அங்கே கடையைக் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னாளில் கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டலிலும் அவர்களுடைய கடை இருந்தது. அந்தக் குடும்பத்தில் வந்த சேர் முஹம்மத் மாக்கான் மாக்கார் 1931இல் அமைந்த முதலாவது அரசாங்க சபையில் அமைச்சராக இருந்தார். ஹோட்டலுக்கு வந்த விருந்தாளியிடம் மாணிக்கம் விற்றவர்களின் குடும்பம் நாட்டின் அமைச்சரவை வரை போயிற்று. ஹோட்டலைப் பார்த்து நம் முன்னோர் பயப்படவில்லை, வெறுக்கவும் இல்லை.

1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அத்திவாரம் போட்டார்கள். அடுத்த பத்து வருடங்களில் கப்பல் எல்லாம் அங்கே போய்விட்டது. காலி தூங்கிவிட்டது. அந்தத் தூக்கம்தான் பழைய வீடுகளைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். காசு இருந்திருந்தால் நம்மவர்கள் இடித்துவிட்டு மாடி கட்டியிருப்பார்கள்! கோட்டைக்குள் வீடுகளோடு மார்க்கமும் வேரூன்றியது. பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி எழுந்தது. வெளிச்ச வீட்டுக்குப் பக்கத்தில், தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் தேவாலயம் என்று நினைத்துவிடுகிற அந்த வெள்ளைப் பள்ளிவாசல், மீரான் ஜும்ஆப் பள்ளி, இன்றைய வடிவில் எழுந்தது.

இப்போது நமது காலத்துக்கு வருவோம்.

1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1994இல் காலி மரபுரிமை மன்றம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அப்போது யுத்த காலம். உல்லாசப் பயணி குறைவு. வீட்டின் பெறுமதி என்னவென்று நமக்கும் தெரியாது, வெளியாருக்கும் அக்கறையில்லை. 2002இல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. ஒன்று, யுத்த நிறுத்த உடன்படிக்கை. மற்றது, வெளிநாட்டவர் காணி வாங்கினால் விலைக்குச் சமமாக, நூற்றுக்கு நூறு வரி கட்ட வேண்டும் என்றிருந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. பத்துப் பதினைந்து வருடமாக மழை ஒழுகுகிறது என்று வாளி வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு, ஒரு நாள் காலையில் புரோக்கர் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கேட்ட விலையைக் கொடுத்தார்கள். நம்மவர்களுக்கு அந்தத் தொகை பெரிய தொகை. வாங்கியவருக்கு அவருடைய ஊரில் ஒரு சின்ன வீட்டின் விலை.

2004இல் அந்த வரி திரும்ப வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை காலி நகரை அள்ளிக்கொண்டு போனபோது, கோட்டை மதில் உள்ளேயிருந்த வீடுகளைக் காப்பாற்றியது. அதுவும் கோட்டை வீட்டுக்கு மதிப்பைக் கூட்டியது. நியூ ஒறியண்டல் ஹோட்டல் அந்த நாட்களை ஒட்டித்தான் 'அமன்கல்ல' என்ற பெயரில் உலகப் பணக்காரர்களின் ஹோட்டலாகத் திறந்தது. 2014இல் வந்த காணி பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் செல்லும் வகையில், வெளிநாட்டவருக்கும், பங்குகளில் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவர் கையில் உள்ள கம்பெனிகளுக்கும் காணியைச் சொந்தமாக எழுதிக்கொடுப்பதைத் தடுத்தது. 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். ஆகவே இன்றைக்கு வீட்டு வாசலில் நிற்கிறவன் இரண்டு வகை. கொழும்பிலிருந்து வரும் உள்நாட்டுப் பணக்காரர், அல்லது நீண்ட குத்தகை கேட்கும் வெளிநாட்டவர். வாசலும் அதுதான், புரோக்கரும் அவன்தான்.

வாங்கியவர்களைத் திட்டி நான் கைதட்டல் வாங்க விரும்பவில்லை. நியாயத்தைப் பேச வேண்டும். சேர்ச் வீதியிலுள்ள 'கோல் ஃபோர்ட் ஹோட்டல்' முன்னொரு காலத்தில் மாணிக்க வியாபாரியின் மாளிகை. அதை வெளிநாட்டவர் இருவர் வாங்கிப் புதுப்பித்தார்கள். அந்தப் புதுப்பித்தலுக்கு 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. விருது சும்மா கிடைப்பதில்லை. நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசினோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் உப்புக் காற்றின் ஈரம் உள்ளே சிக்கி, சுவர் உள்ளுக்குள்ளேயே பொடிப்பொடியாகும். பிறகு "பழைய வீடு, இனி நிற்காது" என்று சொல்லி விற்றோம். அரைவட்ட ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்டோம். திண்ணையை மறைத்துக் கடை போட்டோம். வந்தவர்கள் சீமெந்தைச் சுரண்டினார்கள், சுண்ணாம்பை மறுபடி பூசினார்கள், முற்றத்தைத் திறந்தார்கள். நம் வாப்பா வைத்திருந்ததைத்தான் திரும்ப வைத்தார்கள். அதற்குத்தான் டொலர்.

ஆனால் விற்றதற்குச் சுவர் முழுக் காரணமல்ல. உண்மையான காரணம் உறுதிப்பத்திரத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹாஜியார் மௌத்தாகிறார். மனைவி இருக்கிறார். மூன்று ஆண்மக்கள், நான்கு பெண்மக்கள். வீடு ஒன்றுதான். ஃபராயிள் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தை ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பத்தாகப் பிரிக்க வேண்டும். வீட்டை 80 பங்காகப் போட்டால் கணக்கு நேராக வரும். உம்மாவுக்கு 10. ஒவ்வொரு மகனுக்கும் 14, மூவருக்கும் 42. ஒவ்வொரு மகளுக்கும் 7, நால்வருக்கும் 28. கூட்டிப் பாருங்கள், 80. அல்லாஹ்வின் சட்டத்தில் பிழையில்லை, அரைப் பங்குகூடத் தவறவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? இந்தக் கணக்கை எழுதுவதேயில்லை. மூத்த மகன் வீட்டிலேயே இருக்கிறார். ஒரு தங்கச்சி அக்குறணையில், ஒருத்தி கொழும்பில், ஒரு தம்பி மெல்போர்னில். ராத்தாவிடம் "உனக்குத்தான் கலியாணத்தில் நகை போட்டோமே" என்று வாயை மூடிவிடுகிறோம். இது ஹராம், சகோதரர்களே. மதுவைப் பற்றிப் பேசும்போது நமக்கு வருகிற ஆவேசத்தில் பாதி, பெண்களின் பங்கை விழுங்கும்போது வருவதில்லை. இருபது வருடம் கழித்து உம்மாவும் மௌத்தாகிறார், ஒரு மகனும் மௌத்தாகிறார். இப்போது பங்குக்காரர் பதினெட்டுப் பேர். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. கூரை ஒழுகினால் யார் செலவழிப்பது? ஒருவரும் செலவழிப்பதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் புரோக்கர் வருகிறான். பதினெட்டுப் பேரிடமும் அவன் போகத் தேவையில்லை. கடன் நெருக்கடியில் இருக்கும் ஒரு பங்குக்காரரைப் பிடித்தால் போதும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் வழக்குப் போட்டாலே நீதிமன்றம் சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ உத்தரவிடலாம். கோட்டைக்குள் இருக்கும் ஒடுக்கமான வீட்டைப் பதினெட்டாக எப்படிப் பிரிப்பது? விற்பனைதான் முடிவு. கோட்டையைப் பிடிக்க ஒல்லாந்தருக்குப் பீரங்கி வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு மைத்துனரின் கோபம் போதும்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. வாரிசுகள் சேர்ந்து ஒரு தனியார் கம்பெனி அமைக்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் தனியார் கம்பெனியில் ஐம்பது பேர் வரை பங்குதாரராக இருக்கலாம். வீட்டைக் கம்பெனியின் பெயரில் மாற்றி, ஃபராயிள் கணக்கில் வந்த அதே 80 பங்கையும் அவரவர் பெயரில் எழுதிவிடலாம். பிறகு யாருக்காவது காசு தேவைப்பட்டால் அவர் விற்பது வீட்டையல்ல, தமது 7 பங்கை அல்லது 14 பங்கை. அதையும் முதலில் குடும்பத்துக்குள்தான் கேட்க வேண்டும் என்று கம்பெனி விதியில் எழுதி வைக்கலாம். முத்திரைத் தீர்வை உண்டு, வருடாவருடம் கணக்குக் காட்டும் செலவும் உண்டு. வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட வாரிசுகள் இருந்தால் 2014 சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டத்தரணி ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். மாணிக்கம் வாங்குமுன் கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். உறுதியை மட்டும் மடித்து அலுமாரியில் வைத்துவிடுகிறோம்.

அடுத்தது குத்தகை. விற்காமல் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று சிலர் விழித்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என்ன குத்தகை? முப்பது வருடத்துக்கு ஒரே தொகை, ரூபாயில், மொத்தமாக முற்பணம். இப்படி எழுதிக்கொடுத்தவர்களின் நிலையை யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஹோட்டல்காரர் அறையை டொலரில் விற்றார். வீட்டுக்காரருக்கு வாடகை பழைய ரூபாயில். ஒரே கூரை, ஒரே இரவு. ஒருவருக்கு ஏற்றம், மற்றவருக்குப் பாதியளவு இறக்கம். இதில் ஹோட்டல்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. கையெழுத்து நம்முடையது.

ஆகவே குத்தகைப் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்? வாடகை டொலர் விலையோடோ வருமானத்தோடோ ஏற வேண்டும். அடிப்படையாக ஒரு குறைந்த தொகை, அதற்குமேல் அறை வருமானத்தில் ஒரு பங்கு என்று எழுதுவது தொழிலில் உள்ள வழக்கம். எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், அடுத்த ஆண்டு கொரோனாவிலும் அறைகள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலங்களில் வாடகை எவ்வளவு குறையும் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சமயத்தில் சண்டைதான் மிஞ்சும். கட்டிடத்தில் எந்த மாற்றத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு உங்கள் எழுத்துச் சம்மதமும் வேண்டும். குத்தகை முடியும்போது புதுப்பித்த வேலைகள் நட்டஈடு இல்லாமல் உங்களுக்குச் சேர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. இது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். "அவர் நல்ல மனுசன், வாய்ப்பேச்சுப் போதும்" என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

சொந்தத்தை விடாமல் ஹோட்டலுக்குக் கொடுப்பது புதுமையல்ல. கடல் கடந்து இன்னொரு துறைமுக நகரத்தைப் பாருங்கள். இஸ்தான்புல்லில் 'நான்காம் வக்ஃபு கான்' என்றொரு மாபெரும் கட்டிடம் இருக்கிறது. கான் என்றால் வியாபாரிகள் தங்கிச் சரக்கு வைத்து வியாபாரம் செய்த இடம். உஸ்மானிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் வக்ஃபு அமைச்சு, கட்டிடக் கலைஞர் கெமாலத்தீனைக் கொண்டு அதைக் கட்டத் தொடங்கியது. வாடகை வக்ஃபுக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம். முதல் உலக யுத்தத்துக்குப் பின் நகரைப் பிடித்த பிரெஞ்சுப் படை அதில் பாளையமிட்டது. 1926இல்தான் வேலை நிறைவுற்றது. இந்த நூற்றாண்டில் அது சொகுசு ஹோட்டலாக்கப்பட்டது. நிலமும் சுவரும் வக்ஃபுடையவை, ஹோட்டல்காரர் குத்தகைக்காரர். காலக்கெடு முடிந்தால் கட்டிடம் வக்ஃபின் கைக்கே வரும். அதே நகரில் பழைய சுல்தான் அஹ்மத் சிறைச்சாலையும் 1996இல் ஹோட்டலாகியிருக்கிறது. கைதி கிடந்த இடத்தில் தூங்க மனிதன் காசு கொடுக்கிறான் என்றால், நம் வீட்டின் விலை என்ன என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நம்மூர்ப் பள்ளிகளுக்குக் கடைகளும் வீடுகளும் வக்ஃபாக வந்திருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவை பதியப்பட்டிருக்கின்றனவா? யாரிடம் எவ்வளவு வாடகைக்கு இருக்கின்றன? நிர்வாக சபையில் இருப்பவரின் சொந்தக்காரரே பழைய வாடகையில் இருக்கிறாரா? கேட்டால் கோபம் வரும். வரட்டும்.

இனி, நீங்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். "ஹோட்டல் என்றால் மது இருக்குமே? நம் வாப்பா தஹஜ்ஜுத் தொழுத இடத்தில் மதுக்கடையா?"

நான் ஆலிமல்ல, ஃபத்வா கொடுக்க வரவில்லை. நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், மது விற்பதற்கென்று இடத்தை வாடகைக்கு விடும் ஒப்பந்தம் செல்லாது. இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்தில் வேறு விளக்கம் உண்டு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறவர்களுக்கு, அவருடைய இரு பெரும் மாணவர்களே அதில் மாறுபட்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மதுவோடு தொடர்புள்ள பத்து வகையினரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, "அவர் என்ன செய்கிறார் எனக்குத் தெரியாது" என்று சொல்ல இயலாது.

ஆனால் இந்த வாதத்தை விற்பனைக்குச் சாட்டாக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. "மது வரும் என்பதால் குத்தகைக்குக் கொடுக்கவில்லை, விற்றுவிட்டேன்" என்கிறார் ஒருவர். விற்ற பிறகு அங்கே மது வரவில்லையா? வந்தது. குத்தகைக்குக் கொடுத்திருந்தால், இந்த வீட்டில் மது விற்கவோ பரிமாறவோ கூடாது, மீறினால் குத்தகை ரத்து என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். விற்றவருக்கு அந்த ஒரு வரியை எழுதும் அதிகாரமும் போய்விட்டது.

அப்படி எழுதினால் யார் குத்தகைக்கு எடுப்பார்கள் என்று கேட்பீர்கள். வாடகை குறையும், மறைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் வரமாட்டார்கள். ஆனால் கோட்டைக்குள்ளேயே நமது குடும்பங்கள் இரண்டு அறை, நான்கு அறை வைத்து, மது இல்லாமல், காலைச் சாப்பாடு கொடுத்து விருந்தினர்களை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலே குடும்பம், கீழே விருந்தாளி. உம்மா சுடும் அப்பத்துக்கும் வட்டிலப்பத்துக்கும் அந்தப் பெரிய ஹோட்டல்களில் பதில் கிடையாது. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குடும்பமாக வருகிறவர்கள், தொழுகைக்கு வசதியும் ஹலால் சமையலும் உள்ள இடத்தைத்தான் தேடுகிறார்கள். சமையலறையும் கிப்லாவும் நம்மிடம் இருக்கின்றன. முதல் மட்டும்தான் குறைவு. ஐந்து வர்த்தகர்கள் முளாரபா முறையில் முதல் போட்டு, வீட்டுக்காரர் உழைப்பைப் போட்டு, இலாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாதா? புடவைக் கடைக்கும் இரும்புக் கடைக்கும் கூட்டுச் சேர்கிறோம். சொந்த ஊரின் வீட்டுக்கு மட்டும் ஏன் சேருவதில்லை?

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பு பூசத் தெரிந்த மேசன்மார் குறைந்துவிட்டார்கள். பழைய ஓடு வேய்கிற, பர்மாத் தேக்கு ஜன்னலைப் பழுது பார்க்கிற தச்சன்மாரும் அப்படித்தான். கோட்டைக்குள் புதுப்பிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் தேவை. கட்டார் போவதற்கு ஏஜென்ஸிக்குக் கொடுக்கும் காசில் பாதியைச் செலவழித்து இந்தத் தொழிலைப் பழகினால், வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சம்பாதிக்கலாம். வழிகாட்டித் தொழிலுக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டும். இன்றைக்கு மீரான் பள்ளிவாசலைக் காட்டி யாரோ ஒருவர் பிழையான கதை சொல்கிறார், நாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிடத்துக்கு ஆபத்தில்லை. தொல்பொருள் திணைக்களமும் யுனெஸ்கோவும் ஒரு கல்லையும் அசைக்கவிட மாட்டார்கள். ஆனால் மஹல்லாவை யார் பாதுகாப்பது? விற்றுவிட்டு வெளியே போன குடும்பம் வெள்ளிக்கிழமைக்கு வரும், பெருநாளைக்கு வரும். ஃபஜ்ருக்கு வருமா? ஜனாஸாவைத் தூக்க அயல்வீட்டில் ஆள் இருக்குமா? வாக்காளர் இடாப்பில் பெயர்கள் குறையக் குறைய, மாநகர சபையில் இந்தத் தெருவுக்காகப் பேசுகிறவனும் குறைவான். உரிமை, உரிமை என்று மேடையில் முழங்குகிறோம். குடியிருப்பவனுக்குத்தான் அந்த உரிமை ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே இந்தக் கூட்டம் கலைந்ததும் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறவுங்கள். உறுதியை எடுங்கள். கடைசியாக யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் மௌத்தாகியிருந்தால், அவருடைய வாரிசுகள் அத்தனை பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். கட்டிக்கொடுத்த ராத்தாமார், வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார், பேச்சுவார்த்தை இல்லாத மச்சான்மாரின் பிள்ளைகள், ஒருவரையும் விடாதீர்கள். ஃபராயிள் தெரிந்த ஒரு மௌலவியிடம் கொடுத்துப் பங்குகளைப் போடச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளோடு சட்டத்தரணியிடம் போங்கள். ரமழான் தலைப்பிறைக்கு முன் இந்தக் காரியம் முடிந்துவிட வேண்டும். பெருநாளைக்கு எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள், கையெழுத்தை அப்போதே வாங்கிவிடலாம்.

வஸ்ஸலாம்.